ஜூன் 27 ஒருவரின் பிறந்த நாள். நமக்கும் ஒரு நாள் வேண்டுமென்றால் எதை வைப்பது?

கரைவலை | ஜூன் 27, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் இருந்தபடி ஒரு அமெரிக்க நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறேன். எங்கள் குழுவில் அந்தப் பக்கமிருந்து பேசுகிற ஒருவர் முன்பு ராணுவத்தில் இருந்தவர், இராக் போய் வந்தவர். இன்று மீட்டிங் முடிகிற நேரத்தில் அவராகவே சொன்னார். "இன்று இங்கே பிடிஎஸ்டி விழிப்புணர்வு நாள். அடுத்த வாரம் ஜூலை 4, எங்கள் சுதந்திர நாள், ஊரெல்லாம் வெடி வெடிப்பார்கள். அந்தச் சமயத்தில் இரண்டு நாள் நான் போனை எடுக்க மாட்டேன், தவறாக நினைக்காதீர்கள்." மூன்று வருடமாகச் சேர்ந்து வேலை செய்கிறோம். இதுவரை அவர் இதைச் சொன்னதில்லை. இன்றைக்கு இப்படி ஒரு நாள் இருந்ததால்தான் வாய் திறந்தார்.

அப்புறம் உட்கார்ந்து தேடிப் படித்தேன். பிடிஎஸ்டி என்பது 'போஸ்ட் ட்ராமாடிக் ஸ்ட்ரெஸ் டிஸார்டர்' என்பதன் சுருக்கம், பயங்கரமான ஒன்றை அனுபவித்த பிறகு வருகிற மன அழுத்தக் கோளாறு. வடக்கு டகோட்டா மாநிலத்தின் தேசியக் காவல்படையில் ஸ்டாஃப் சார்ஜன்ட் ஜோ பீல் என்று ஒருவர். இரண்டு முறை இராக் போனவர். சாலையில் புதைத்து வைத்த குண்டுகளைத் தேடி எடுத்து மற்ற வண்டிகளுக்குப் பாதை திறந்துவிடுவது அவருடைய படைப்பிரிவின் வேலை. ஊர் திரும்பிய பிறகு, 2007 ஏப்ரலில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கூட இருந்த வீரர்கள் அவரை மறக்கவில்லை. அதைக் கேள்விப்பட்ட அந்த மாநிலத்து செனட்டர் கென்ட் கான்ராட் கொண்டுவந்த தீர்மானத்தால் 2010-இல் ஜூன் 27 பிடிஎஸ்டி விழிப்புணர்வு நாள் ஆனது. 2014-இல் ஜூன் மாதம் முழுவதையும் அதற்கே ஒதுக்கினார்கள்.

இதில் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஜூன் 27 ஜோ பீல் பிறந்த நாள். இறந்த நாளை எடுக்காமல் பிறந்த நாளை எடுத்திருக்கிறார்கள்.

எனக்கு நாகப்பட்டினம் பக்கம், கடலோரக் குப்பம். 2004 டிசம்பர் 26 அன்று எனக்குப் பதினொரு வயது, தங்கச்சிக்கு ஆறு. அவள் இல்லை. அப்பா அதற்குப் பிறகு ஆழ்கடலுக்குப் போகவில்லை. கரையில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு வலை பின்னிக் கொடுக்கிறார். ஒவ்வொரு டிசம்பரிலும் 24-ஆம் தேதி ராத்திரி ஒரு பையை எடுத்துக்கொண்டு திருவாரூர் பக்கம் உள்ள அத்தை வீட்டுக்குப் போய்விடுவார். 28-ஆம் தேதிதான் திரும்புவார். ஏனென்றால் 26 அன்று ஊரில் கடலுக்குப் பால் ஊற்றுவார்கள், ஃபிளெக்ஸில் படங்கள் இருக்கும், மைக்கில் பெயர்களை வாசிப்பார்கள், டிவியைப் போட்டால் அந்த அலையையே திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். ஊருக்கு அந்த நாள் வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அப்பாவால் அங்கே இருக்க முடியவில்லை.

கேள்வி இதுதான். இந்த நோய்க்காக நம் ஊரிலும் ஒரு நாளை அறிவிக்க வேண்டும் என்று கேட்டால், நம்மில் எத்தனையோ பேர் உடனே டிசம்பர் 26-ஐத்தான் சொல்வோம். அது சரியா?

---

கணக்குவாத்தியார் | ஜூன் 27, இரவு 10.25

தம்பி, உங்கள் அப்பாவை நினைத்தால் மனசு கனக்கிறது. ஆனால் நாள் அறிவிப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் ஒரு கல்லூரியில் கணக்கு எடுக்கிறேன், பெயர் வேண்டாம். அக்டோபர் 10 உலக மனநல நாள். 1992-இல் உலக மனநலக் கூட்டமைப்பு தொடங்கிவைத்தது. எங்கள் கல்லூரியில் அன்றைக்குக் கோலப்போட்டி, கோஷம் எழுதும் போட்டி, பேரணி, உறுதிமொழி எல்லாம் உண்டு. போன வருடம் உறுதிமொழியைச் சத்தமாக வாசித்தவளே என் வகுப்பு மாணவிதான். மூன்று வாரம் கழித்து வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் என்ன நடந்தது என்று பிறகு தெரியவந்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆலோசகர் அறை ஒன்று இருக்கிறதே, ஏன் போகவில்லை என்று கேட்டேன். அந்தப் பிள்ளை சொன்ன பதில்: "சார், அந்த ரூம் ஆபீஸுக்கு எதிரில் இருக்கு. கண்ணாடிக் கதவு. ஃபீஸ் கட்ட நிக்கிற எல்லாரும் பார்ப்பாங்க."

பேரணிக்குச் செலவழித்த காசில் அந்தக் கதவுக்கு ஒரு திரை வாங்கியிருக்கலாம். திரையை நானே வாங்கி மாட்டினேன், 640 ரூபாய் ஆனது. அதற்குப் பிறகு ஆலோசகரிடம் வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள் என்று அவரே சொன்னார். நாளைவிடத் திரை முக்கியம் என்பது என் கட்சி.

---

இரவுப்பணி | ஜூன் 28, காலை 6.50

இரவு ஷிப்ட் முடித்துவிட்டு எழுதுகிறேன். மனநலப் பிரிவில் பதினாறு வருடமாகச் செவிலியாக இருக்கிறேன்.

கரைவலை தம்பி, அப்பா டிசம்பரில் ஊரைவிட்டுப் போவது ஓடி ஒளிவது இல்லை. அந்தத் தேதி நெருங்கினால் அறிகுறிகள் கூடும், இது பலருக்கும் வருவதுதான். காலண்டரைப் பார்க்கவே வேண்டாம். மார்கழிப் பனி, விடிகாலையில் மைக்கில் போடுகிற பாட்டு, கிறிஸ்துமஸ் நட்சத்திரம், இவையே உடம்புக்கு ஞாபகப்படுத்திவிடும். நெஞ்சு படபடக்கும், தூக்கம் கெடும், சின்ன விஷயத்துக்கும் கோபம் வரும். வீட்டில் இருப்பவர்கள் "இந்த மனுஷனுக்கு வருஷக் கடைசியானா ஏதோ பிடிச்சுக்குது" என்பார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பயங்கரமான ஒன்றை நேரில் அனுபவித்தவர்கள் எல்லோருக்கும் முதல் சில வாரம் கலக்கம் இருக்கும். பெரும்பாலோருக்குத் தானாகவே தணிந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் நான்கு விதமான தொந்தரவு சேர்ந்து நீடித்தால் அதைத்தான் பிடிஎஸ்டி என்கிறோம். நடந்தது கனவாகவோ நினைவாகவோ கண்முன் திரும்ப வருவது ஒன்று. அதை ஞாபகப்படுத்தும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் தவிர்ப்பது இன்னொன்று. அப்புறம் மனசு மரத்துப்போய், யார் மேலும் ஒட்டாமல், தன்மேலேயே பழி போட்டுக்கொள்வது. கடைசியாக, எந்நேரமும் காவல் காப்பவர் மாதிரி விறைப்பாகவே இருப்பது.

என்னிடம் வருகிறவர்கள் யாரும் இப்படிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. "கை கால் குடைச்சல்", "நெஞ்சை அடைக்குது", "உடம்பெல்லாம் எரியுது" என்றுதான் வருவார்கள். பல வருடம் சத்து ஊசியும் தூக்க மாத்திரையும் வாங்கியிருப்பார்கள். தூக்க மாத்திரை மட்டுமே போட்டுக்கொண்டு இருப்பது இந்த நோய்க்கு வைத்தியம் இல்லை, பழக்கமாகிவிடும் அபாயமும் உண்டு. முறையான பேச்சு சிகிச்சை இருக்கிறது. வாரம் ஒரு முறை, பத்துப் பன்னிரண்டு அமர்வு என்ற கணக்கில் செய்வது. செர்ட்ரலின் மாதிரி மருந்துகளும் உதவும். இருபது வருடம் ஆன பிறகு வந்தாலும் பலன் உண்டு. அதைக் கண்ணால் பார்த்ததால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வாத்தியார் ஐயா வாங்கி மாட்டிய திரைக்கு என் நன்றி.

---

வன்னிப்பாலை | ஜூன் 28, காலை 8.15

நான் டொராண்டோவில் இருந்து எழுதுகிறேன். சொந்த இடம் கிளிநொச்சிப் பக்கம்.

கரைவலை தம்பி எழுதினதை வாசிச்சுப்போட்டு இரண்டு தரம் போனைக் கீழே வைத்தேன். எங்கட வீட்டிலும் இதே கதைதான், மாதம் மட்டும் வேறு.

ஒவ்வொரு மே மாதமும் அம்மா கதவுக்குப் பக்கத்தில் ஒரு பை கட்டி வைப்பா. ஐடென்டிகாட், காணி உறுதி, பிஸ்கட் பக்கற், தண்ணிப் போத்தல், ஒரு துவாய். 2009-இல் முள்ளிவாய்க்காலுக்குள்ளே இருந்து வந்தபோது எங்கள் கையில் இருந்த அதே சாமான்கள். இங்கே வந்து இத்தனை வருடமாகிவிட்டது, காணி உறுதியை டொராண்டோவில் யாருக்குக் காட்டப் போகிறோம்? ஆனாலும் ஜூன் பிறந்தால்தான் அந்தப் பையை அவிழ்ப்பா.

அதிலே இன்னொரு கொடுமை. கனடாவில் விக்டோரியா நாள் என்று ஒரு விடுமுறை. மே 25-க்கு முன் வருகிற திங்கட்கிழமை. அதாவது எப்பவும் 18-க்கும் 24-க்கும் இடையிலே வரும். அன்றைக்கு ஊரெல்லாம் வாணவேடிக்கை. மே 18 நாங்கள் கஞ்சி காய்ச்சி விளக்கேற்றுகிற நாள். ஒரு பக்கம் கஞ்சிச் சிரட்டை கையில் இருக்கும், மறுபக்கம் வானத்தில் வெடிக்கும். சில வருடம் இரண்டும் ஒரே நாளில் வந்திருக்கிறது. அம்மா கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் போய் இருந்துவிடுவா. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சந்தோசமாகக் கொளுத்துகிறார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல ஏலாது.

அமெரிக்காவில் படையில் இருந்து வந்தவர்கள் சிலர் வீட்டு வாசலில் "இங்கே போரில் இருந்தவர் வசிக்கிறார், வெடி கொளுத்தும்போது தயவுசெய்து கவனியுங்கள்" என்று பலகை நடுவார்கள். அப்படி ஒன்று நடலாமா என்று அம்மாவைக் கேட்டேன். "நான் போருக்குப் போகேல்லை பிள்ளை, போர்தான் என்னட்ட வந்தது" என்றா.

தம்பி, உங்கட கேள்விக்கு என்ர பதில்: மே 18 எங்களுக்கு அஞ்சலி நாள். அதை ஒருவரும் தொடக்கூடாது. ஆனால் "வைத்தியரிட்டப் போவோமா" என்று அம்மாவைக் கேட்க அந்த நாள் உதவாது. அன்றைக்கு அவவிட்ட அதைக் கதைக்கவே முடியாது.

---

பழையசிப்பாய் | ஜூன் 28, மதியம் 1.30

இருபத்திரண்டு வருடம் சீருடையில் இருந்தவன். எங்கே, எந்தப் பிரிவு என்பது வேண்டாம்.

பெயரைப் பற்றிச் சொல்ல நினைக்கிறேன், ஏனென்றால் பெயரில்தான் வெட்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதல் உலகப் போரில் இதற்கு 'ஷெல் ஷாக்' என்று பெயர். சார்ல்ஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 1915-இல் அந்தப் பெயரில் கட்டுரை எழுதினார். குண்டுச் சத்தத்தில் மூளை அதிர்ந்துவிட்டது என்று நினைத்தார்கள். குண்டு பக்கத்தில் விழாதவர்களுக்கும் கை நடுங்கியது, வாய் பேசவில்லை. அப்போது கோழை என்றார்கள். ஓடிப்போனதற்காகவும் கோழைத்தனத்துக்காகவும் பிரிட்டிஷ் ராணுவம் தன் சொந்த வீரர்களையே நிறுத்திச் சுட்டது. அப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கு மன்னிப்பு கிடைத்தது 2006-இல். தொண்ணூறு வருடம் அந்தக் குடும்பங்கள் தலை குனிந்து இருந்திருக்கும். அதை நினைத்துப் பாருங்கள்.

பிடிஎஸ்டி என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஏறியது 1980-இல்தான். வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் போராடியதும் அதற்கு ஒரு காரணம். அந்தப் பெயரும் போதாது என்று பீட்டர் கியாரெல்லி என்ற அமெரிக்க ஜெனரல் வாதாடினார். 'கோளாறு' என்ற சொல் இருந்தால் எந்த வீரனும் எனக்கு அது இருக்கிறது என்று சொல்ல மாட்டான், 'காயம்' என்று மாற்றுங்கள் என்பது அவர் வாதம். எனக்கு அது நூற்றுக்கு நூறு சரி.

நான் ஏன் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். எங்கள் வேலையில் உடல் தகுதிக்கு எண் போட்டு வகை எழுதுவார்கள், மனதுக்கும் அதில் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் எண் மாறினால் கூட இருக்கிறவன் எப்படிப் பார்ப்பான் என்ற பயம். எண் ஒன்று, அதாவது முழுத் தகுதி, என்று இருக்கும்வரை நான் ஆம்பிளை என்று நினைத்திருந்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை, என் பயம்தான். ராத்திரி வீட்டுக்காரி தொட்டு எழுப்பினால் கையை முறுக்கிவிடுவேன். அதற்காக அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கட்டில் காலருகே தள்ளி நின்றுகொண்டு என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். கல்யாணம் ஆகி அதுவரை என் பெயரைச் சொன்னதே இல்லை அவள்.

---

வன்னிப்பாலை | ஜூன் 28, இரவு 7.05

ஐயா, பெயரைச் சொன்னீங்கள். எங்கட பக்கம் 'மனவடு' என்ற சொல் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் தயா சோமசுந்தரம் போன்ற உளமருத்துவர்கள் போர்க்காலத்தில் இருந்தே புழங்குகிற சொல். சனத்துக்கு அது விளங்கும். நோய் என்றால் ஒதுங்குவார்கள். வடு என்றால் யாரோ ஏற்படுத்தினது என்று தெரியும், பட்டவரில் பிழை இல்லை என்று ஆகிவிடும். நீங்கள் சொன்ன ஜெனரல் கேட்டது எங்களிட்ட முன்னமே இருக்கிறது.

---

மஞ்சணத்தி | ஜூன் 28, இரவு 9.20

அக்கா, 'மனவடு' ரொம்ப அழகான சொல். ஆனால் எனக்கு ஒரு சங்கடம். வடு என்றால் ஆறிப்போன புண்ணின் தடம்தானே? எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதுவரை இங்கே படிப்பேன், எழுதியதில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு ராத்திரி நாங்கள் வந்த பஸ் லாரியில் மோதியது. என் பக்கத்து சீட்டில் இருந்த அம்மா பேசிக்கொண்டே வந்தார், முறுக்கு கொடுத்தார். அவர் பிழைக்கவில்லை. எனக்குக் கையில் ஏழு தையல், அவ்வளவுதான். "உனக்கு ஒண்ணும் ஆகலையே, புண்ணியம் பண்ணியிருக்கே" என்று எல்லோரும் சொல்லச் சொல்ல நான் வாயை மூடிக்கொண்டேன். இங்கே சுனாமி, போர் என்று படிக்கும்போது, ஒரு பஸ் விபத்துக்கு நான் இப்படி ஆகிவிட்டேனே என்று வெட்கமாக இருக்கிறது. டீசல் வாடை வந்தால் முறுக்கு வாசனையும் சேர்ந்து வருகிறது.

வீட்டில் வேப்பிலை அடித்தார்கள், தாயத்து கட்டினார்கள். அன்பால்தான் செய்தார்கள். டாக்டரிடம் போகலாம் என்றால் அம்மா சொல்வது: "வரன் பார்க்கிற நேரத்துல கீழ்ப்பாக்கம் கேஸ்னு பேர் வரணுமா?"

---

இரவுப்பணி | ஜூன் 28, இரவு 11.10

கண்ணு, வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. சாலை விபத்து, வீட்டுக்குள் அடி, சின்ன வயதில் நடந்த வன்கொடுமை, சிக்கலான பிரசவம், இதில் எது வேண்டுமானாலும் காரணமாகலாம். அமெரிக்காவில் எடுத்த கணக்குப்படி நூறு பேரில் ஆறு பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வருகிறது. ஆண்களில் நான்கு, பெண்களில் எட்டு. போருக்குப் போனவர்களுக்கு மட்டும் என்றால் இந்தக் கணக்கு இப்படியா இருக்கும்? பக்கத்து சீட்டில் இருந்தவர் போய்விட்டார், நீ இருக்கிறாய். அது சின்ன விஷயமே இல்லை.

அம்மாவிடம் ஒன்று சொல். 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி உன் சிகிச்சை விவரத்தை உன்னைக் கேட்காமல் வெளியே சொல்லக்கூடாது. வரன் வீட்டுக்காரர் வந்து கேட்டாலும் நாங்கள் வாய் திறக்க மாட்டோம்.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416-க்குப் போன் செய். டெலி மானஸ் என்ற இலவச எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். வாத்தியார் ஐயாவுக்காக ஒரு தகவல்: அதைத் தொடங்கியது 2022 அக்டோபர் 10 அன்று. மனநல நாளில் கோலப்போட்டி மட்டும் நடக்கவில்லை.

இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926. அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவனத்தின் எண்.

---

கணக்குவாத்தியார் | ஜூன் 29, காலை 7.30

ஒப்புக்கொள்கிறேன் அம்மா. அந்த எண் அக்டோபர் 10-இல் வந்தது எனக்குத் தெரியாது. எங்கள் பேரணியில் யாரும் அந்த எண்ணைச் சொல்லவும் இல்லை. இந்த வருடம் அதை எல்லாப் பிள்ளைகளின் அடையாள அட்டைக்குப் பின்னால் அச்சடிக்கச் சொல்லப் போகிறேன்.

தேதி விஷயத்தில் என் யோசனை வேறு. தமிழ்நாட்டுக்கு ஒரு நாள் வேண்டும் என்றால் ஆகஸ்ட் 6. 2001-இல் அன்று விடிகாலை ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் எழுந்து ஓட முடியவில்லை. நான் அப்போது கல்லூரி மாணவன், பேப்பரில் வந்த அந்தப் படத்தை இன்றும் மறக்க முடியவில்லை. மனநோய் என்றால் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, கண்காணாத இடத்தில் கட்டிப்போட வேண்டும் என்ற நம் எண்ணம் அந்த 28 பேரைக் கொன்றது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. இப்போதைய சட்டத்தில் எந்த வடிவிலும் சங்கிலி போடக் கூடாது என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள். களங்கத்தைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் எது?

---

கரைவலை | ஜூன் 29, இரவு 8.45

ஐயா, ஆகஸ்ட் 6-ஐ நாம் மறக்கவே கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. அது அரசும் சமூகமும் தலைகுனிந்து கணக்குக் கொடுக்க வேண்டிய நாள். இன்றைக்கு எத்தனை காப்பகம் பதிவு செய்யப்பட்டிருக்கிறது, எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பினீர்கள் என்று கேட்க வேண்டிய நாள்.

ஆனால் நீங்கள் எல்லோரும் எழுதியதைப் படித்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஊர் துக்கம் காக்கிற நாள் ஒன்று, பாதிக்கப்பட்டவரைப் பார்த்து "வா, பேசலாம்" என்று கூப்பிடுகிற நாள் இன்னொன்று. இரண்டையும் ஒரே தேதியில் வைத்தால் யாரைக் கூப்பிட வேண்டுமோ அவர் அன்றைக்கு ஊரில் இருக்க மாட்டார். என் அப்பா திருவாரூரில் இருப்பார். வன்னிப்பாலை அக்காவின் அம்மா கட்டிலுக்குப் பின்னால் இருப்பார். மைக் போட்டு "மனம் விட்டுப் பேசுங்கள்" என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம், கேட்க வேண்டியவர் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்.

ஜோ பீலுக்குப் பிறந்த நாளை எடுத்தபோது இதையெல்லாம் யோசித்தார்களா, தெரியவில்லை. அவரைக் கொண்டாட நினைத்திருப்பார்கள். ஆனால் அது எவ்வளவு சரியாக அமைந்திருக்கிறது பாருங்கள். ஜூலை 4 வெடிக்கு ஒரு வாரம் முன்னால் வருகிறது. என்னோடு வேலை செய்பவர் அதனால்தான் முன்கூட்டியே சொல்ல முடிந்தது. வெடிக்கிற அன்று அவரால் சொல்லியிருக்க முடியாது.

அதனால் என் ஆசை: அந்தந்த ஊருக்கு எது கெட்ட நாளோ அதற்கு ஒரு மாதமாவது முன்னால் இருக்க வேண்டும். எங்கள் கடற்கரைக்கு ஐப்பசியில் வைக்கலாம். அக்டோபர் 10 கூட எங்களுக்குச் சரியாகத்தான் வரும். மார்கழிக்கு முன் இரண்டு மாதம் இருக்கிறது, பத்து அமர்வு சிகிச்சைக்குள் போய்விடலாம்.

---

பழையசிப்பாய் | ஜூன் 29, இரவு 10.00

இதை நான் ஆமோதிக்கிறேன் தம்பி. படையில் சொல்வார்கள், மழை வந்த பிறகு பதுங்குகுழி வெட்ட முடியாது என்று.

ஒரு வேண்டுகோள். அன்று மேடையில் யாரையும் ஏற்றி "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். எனக்கு ஒரு முறை அது நடந்தது. நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்கள். சொல்லி முடித்தேன், கைதட்டினார்கள். வீட்டுக்குப் போன பிறகு இரண்டு மாதம் தூங்கவில்லை.

---

இரவுப்பணி | ஜூன் 30, காலை 7.20

ஐயா சொன்னதை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேரிடர் நடந்தவுடன் எல்லோரையும் உட்கார வைத்து நடந்ததை முழுசாகச் சொல்ல வைக்கும் பழக்கம் முன்பு இருந்தது. அப்படி ஒரே அமர்வில் கொட்ட வைப்பது பயன்படாது, சிலருக்குக் கெடுதலும் செய்யும் என்று தெரிந்த பிறகு, உலக சுகாதார நிறுவனமே அதை வேண்டாம் என்கிறது. முதலில் சாப்பாடு, பாதுகாப்பான இடம், குடும்பத்தோடு சேர்த்துவைப்பது. பேச விரும்பினால் கேட்பது. அவ்வளவு போதும். சிகிச்சையில் நினைவைத் தொடுவோம்தான், ஆனால் பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருக்க, அவர் தயாரான பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக.

மஞ்சணத்தி, போன் செய்தாயா?

---

மஞ்சணத்தி | ஜூன் 30, இரவு 8.55

செய்தேன் அக்கா. முதல் இரண்டு தடவை அடித்துவிட்டு வைத்துவிட்டேன். மூன்றாவது தடவை ஒரு அம்மா பேசினார்கள். "சாப்டாச்சா" என்றுதான் ஆரம்பித்தார்கள். நான் முறுக்கைப் பற்றிச் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வியாழக்கிழமை நேரில் போகிறேன், என் சித்தி கூட வருகிறார்.

வன்னிப்பாலை அக்கா, யோசித்துப் பார்த்தேன். 'மனக்காயம்' என்று ஆரம்பித்து 'மனவடு' என்று முடிந்தால் எனக்குப் போதும்.

---

வன்னிப்பாலை | ஜூலை 2, காலை 6.40

சந்தோசமாக இருக்கு தங்கச்சி.

நேற்று கனடா நாள், வெடி கேட்டது. இந்த முறை நான் ஒரு வேலை செய்தேன். ஞாயிற்றுக்கிழமையே அக்கம்பக்கத்து ஏழு வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். ஒரு வீட்டில் ஆப்கானிஸ்தானில் இருந்து வந்த குடும்பம். அந்த வீட்டுத் தாத்தா நான் சொல்லி முடிக்க முதலே தலையை ஆட்டினார், அவருக்கும் அப்படித்தானாம். மற்ற வீட்டுக்காரர் பத்து மணிக்கு முன்னமே முடித்துவிட்டார்கள். அம்மா கட்டிலுக்குப் பின்னால் போகவில்லை, குசினியில் ரேடியோவைக் கூட்டி வைச்சுப்போட்டு என்னோடு இருந்தா. கை நடுங்கினதுதான்.

---

கரைவலை | ஜூலை 6, இரவு 9.15

சனி ஞாயிறு ஊருக்குப் போயிருந்தேன். தடைக்காலம் முடிந்து படகெல்லாம் கடலுக்குப் போய் வந்துகொண்டிருக்கிறது, அதனால் அப்பாவுக்கு வலை வேலை நிறைய. பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே இந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஜோ பீல் பிறந்த தேதி எனக்குத் தெரியும். என் தங்கச்சி பிறந்த தேதி தெரியாது. அவள் போன தேதி மட்டும்தான் தெரியும், ஃபிளெக்ஸிலும் அதுதான் இருக்கும். சான்றிதழ் எல்லாம் வீட்டோடு போய்விட்டது. அம்மாவிடம் கேட்டால் அழுவாள் என்று கேட்டதில்லை.

அப்பாவிடம் கேட்டேன். தலை நிமிரவில்லை, கை நிற்கவில்லை. "ஆடிப்பெருக்குக்கு மறுநாள்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். ஆடிப் பதினெட்டுக்கு அம்மா மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு வந்து படுத்தாளாம், ராத்திரி வலி வந்துவிட்டதாம். ஆட்டோ கிடைக்காமல் மீன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாராம். பிறந்தவுடன் குழந்தையை வாங்கிப் பார்த்த நர்ஸம்மா, "என்னங்க, பிள்ளை மேல மீன் வாசனை அடிக்குது" என்று சிரித்தார்களாம். சொல்லும்போது அப்பாவும் சிரித்தார். இருபது வருடத்துக்கு மேலாகிறது, அவள் பெயரோடு சேர்த்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் மெதுவாகக் கேட்டேன், ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போய்வரலாமா என்று. வேண்டாம் என்று சொல்லவில்லை. "நெஞ்சு அடைக்கிறதுக்குத்தானே?" என்றார். ஆமாம்ப்பா, அதுக்குத்தான் என்றேன்.

இரவுப்பணி அக்கா, முதல் தடவை போகும்போது என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

---

இரவுப்பணி | ஜூலை 7, காலை 7.05

தம்பி, மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் புறநோயாளிகள் பிரிவு எந்தெந்த நாள் என்று முதலில் விசாரித்துக்கொள். காலையில் சீக்கிரமே போய்விடு. சீட்டு போடுகிற இடத்தில் கூட்டம் இருக்கும், நீ வரிசையில் நில், அப்பாவை நிழலில் உட்கார வை. ஆதார் எடுத்துக்கொள். இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் பட்டை, பழைய சீட்டு, ஈசிஜி எடுத்திருந்தால் அது, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள். நெஞ்சு அடைக்கிறது என்கிறார் அல்லவா, இதயத்தையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்வார்கள், பயப்பட வேண்டாம்.

டாக்டர் கேட்டால் அப்பாவே பேசட்டும், நீ முந்திக்கொண்டு சொல்லாதே. டிசம்பரைப் பற்றி அவர் அன்றைக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டாவது மூன்றாவது தடவையில் சொல்வார்.

காலையில் இட்லி சாப்பிட வைத்துக் கூட்டிப்போ. வெறும் வயிற்றில் வரிசையில் நிற்க வேண்டாம்.